பிரபு ஊரில் இல்லை

லண்டன் பட்டணத்தின் மேற்கு மூலையில் ஓர் இனம் உண்டு. மற்ற இனங்களைக் கண்ணால் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளலாம். இதைப் பார்க்க முடியாமல் போவதைக் கொண்டுதான் கண்டுகொள்ள வேண்டும். ஆகஸ்ட் மாதத்தில் பெருகும், அக்டோபரில் மறையும். இதற்கு நான் வைத்திருக்கும் பெயர், 'ஊரில் இல்லாதவர்'.

சிரிக்காதீர்கள். ஊரில் இல்லாமல் இருப்பது எல்லாருக்கும் கைவருகிற வித்தை அல்ல. நிஜமாகவே வெளியூர் போகிறவனுக்கு என்ன கஷ்டம்? வண்டி ஏறினான், போனான், தீர்ந்தது. தன் வீட்டுக்குள்ளேயே, தன் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு, இரண்டு மாத காலம் ஸ்காட்லாந்தில் காட்டுக்கோழி சுட்டுக்கொண்டிருக்கிறாரே, அவரல்லவா கெட்டிக்காரர்!

இவர்களைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். நான் மடாக் என்கிற வைத்தியன். ஆல்வர்லி சதுக்கத்தின் பெரிய வீடுகளுக்குப் பின்னால், குதிரை லாயங்கள் இருக்கிற சந்தின் முனையில் குடியிருக்கிறேன். முன்வாசல் வழியாகப் போகிற பெரிய டாக்டர்கள் வேறே. அவர்களும் ஆகஸ்டில் ஊரில் இருப்பதில்லை. இருந்தால் தொழில் போய்விடும். நான் பின்வாசல் வைத்தியன். ஒரு வீட்டின் யோக்கியதை பின்வாசலில்தான் தெரியும் என்பது என் முப்பது வருஷத்து அனுபவம்.

இந்த இனம் எப்படி உண்டாயிற்று என்று புரிய வேண்டுமானால் முதலில் அது அடைந்துகிடக்கும் கூட்டைப் பார்க்க வேண்டும். இன்றைக்குச் சதுக்கம் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. கிழக்கே பழைய பட்டணம் தீப்பிடித்து எரிந்து, மிச்சமிருந்த இடத்தில் கூட்டமும் நாற்றமும் தாங்காமல் பிரபுக்கள் மேற்கே நகர்ந்து வர, அந்த மேய்ச்சல் தரைக்குச் சொந்தக்காரரான, டியூக் பட்டம் பெற்ற ஒரு பெரும்பிரபு, மாட்டைவிடப் பிரபு லாபம் என்று கண்டுகொண்டு, கயிறு பிடித்துச் சதுரம் போட்டு, நடுவில் தோட்டமும் நாலு பக்கம் வீடுமாக வகுத்து, நிலத்தை விற்காமல் நீண்ட குத்தகைக்கு விட்டார். ஆகவே, 'எங்கள் பரம்பரை மாளிகை' என்று மார்பைத் தட்டுகிற அத்தனை பேரும் இன்னொருவர் மண்ணில் குடியிருப்பவர்கள். இதை அவர்கள் முன் சொல்லிவிடாதீர்கள். எனக்கு இரண்டு நோயாளிகள் இப்படித்தான் போனார்கள்.

ஒவ்வொரு பிரபுவுக்கும் கிராமத்தில் வீடு இருந்தது, நிலம் இருந்தது, மூச்சுவிட இடம் இருந்தது. ஆனால் ராஜாவும் பார்லிமெண்டும் இங்கே இருந்ததால், ஏப்ரலிலிருந்து ஜூலை வரை விருந்து கொடுக்கவும், பெண்ணுக்கு மாப்பிள்ளை பிடிக்கவும், ஒருவரை ஒருவர் பார்த்துப் பொறாமைப்படவும் இங்கே ஒரு வாசல் தேவைப்பட்டது. கவனியுங்கள், வீடு தேவைப்படவில்லை, வாசல்தான். அதனால் தெருவைப் பார்த்த பக்கம் தூணும் பால்கனியுமாக எழும்பியது. பின்பக்கம் சும்மா ஒட்டிக்கொண்டு வந்தது.

நான் சொல்லப்போகும் வின்ஸ்கோம் பிரபுவின் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய கொள்ளுப்பாட்டனார் கட்டியது. நான்கு சீமாட்டிகள் பாவாடையோடு பாவாடை உரசாமல் ஒரே வரிசையில் ஏறத்தக்க வெள்ளைக்கல் மாடிப்படியை முதலில் கட்டினார். அப்புறம், அந்தப் படி போய்ச் சேர ஒரு இடம் வேண்டுமே என்று முன்பக்கத்தில் நடனக் கூடம் கட்டினார். எல்லாம் முடிந்த பிறகுதான், இந்த வீட்டில் மனிதர்கள் படுத்துத் தூங்கவும் வேண்டும் என்பது அவருக்கு நினைவு வந்தது போலிருக்கிறது. மிச்சமிருந்த பின்பக்கத்துச் சந்துபொந்துகளில் படுக்கையறைகளைத் திணித்தார். சமையலறை நிலத்துக்கு அடியில். அங்கிருந்து சாப்பாட்டு மேஜைக்கு சூப் வந்து சேருவதற்குள் அதன் மேல் ஆடை படிந்துவிடும். அந்த வம்சத்தில் எவரும் நாலு தலைமுறையாகச் சுடச்சுட சூப் குடித்ததில்லை. ஆனால் படிக்கட்டு! அதைப் பற்றி வின்ஸ்கோம் பிரபு பேசிக் கேட்க வேண்டும்.

"கீழ நின்னு பாருங்க, டாக்டர்."

"பார்த்தாச்சு."

"இப்ப மேல நின்னு பாருங்க."

"அதையும் பார்த்தாச்சு, பிரபு. போன தடவையும் பார்த்தேன்."

"போன தடவை வெளிச்சம் சரியில்லை. இந்தப் படியில எங்க கொள்ளுத் தாத்தா காலத்துல மூணு டியூக் ஒரே நேரத்துல வழுக்கி விழுந்திருக்காங்க, தெரியுமா?"

வழுக்கி விழுந்தாலும் டியூக்காக இருக்க வேண்டும். அதுதான் இந்த இனத்தின் முதல் லட்சணம்.

ஜூலை முடிந்ததும் பார்லிமெண்ட் கலையும். ஆகஸ்ட் பிறந்தால் கௌரவமானவன் லண்டனில் இருக்கக் கூடாது. ஸ்காட்லாந்துக்குப் போய்க் காட்டுக்கோழி சுட வேண்டும். இது சட்டத்தில் எழுதவில்லை. எழுதியிருந்தால் யாராவது மீறியிருப்பார்கள். போக முடிந்தவர்கள் போனார்கள். முடியாதவர்கள்? வின்ஸ்கோம் பிரபுவின் கிராமத்து வீட்டைச் சோப்பு வியாபாரி ஒருவருக்கு வாடகைக்கு விட்டாயிற்று. பட்டணத்து வீட்டின் தூணுக்கும் பால்கனிக்கும் தீனி போட வேறு வழியில்லை. நண்பர்களின் வேட்டைக்குப் போகலாம் என்றால், ஒரு வருஷம் காட்டுக்கோழிக்குக் குறிவைத்து, விருந்துக்கு அழைத்தவருடைய தொப்பியைச் சுட்டுவிட்டார். தொப்பிக்குள் தலையும் இருந்தது, தப்பியது. அதிலிருந்து அவருக்கு அழைப்பு வருவதில்லை.

ஆகவே பிரபு வேறு விதமாக ஊரைவிட்டுப் போனார். ஒவ்வொரு ஆகஸ்டிலும் பட்டப்பகலில், சதுக்கமே பார்க்க, முன்வாசலில் வண்டி நிறுத்தி, அதன் தலைமேல் பெட்டிகளை ஏற்றுவார்கள். பெட்டிகள் காலி. லேடி வின்ஸ்கோம் கைக்குட்டையை ஆட்டுவாள். யாருக்கு என்று கேட்காதீர்கள். பத்திரிகையில், 'வின்ஸ்கோம் பிரபு தம்பதியர் ஸ்காட்லாந்தில் உள்ள பெர்த்ஷையர் சென்றுள்ளனர்' என்று வரும். ரயில் நிலையம் வரை போய், காபி குடித்துவிட்டு, திரை போட்ட வாடகை வண்டியில் என் சந்து வழியாகப் பின்வாசலுக்குத் திரும்பிவிடுவார்கள். அதற்குள் முன்பக்கம் முழுக்க ஜன்னல் திரைகள் இறங்கியிருக்கும். சரவிளக்குகள் பைக்குள் போயிருக்கும். நாற்காலிகள் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வாசற்கதவைத் தட்டுகிற பித்தளை வளையத்தைத் துணியால் சுற்றியிருப்பார்கள்.

அப்புறம் ஆரம்பிக்கும் தவம். பின்பக்கத்து இருட்டறைகளில் கிசுகிசுவென்றுதான் பேச வேண்டும். சிரிக்கக் கூடாது, சிரிக்கும்படி அங்கே ஒன்றும் நடக்காது என்பது வேறு விஷயம். ஆளில்லாத வீட்டில் காவலாளி டீ போடுகிற அளவுக்குத்தான் புகைபோக்கியில் புகை வரலாம். ஆகவே சமையல் கிடையாது. எல்லாம் ஆறிப்போன ஆட்டிறைச்சி. ஸ்காட்லாந்து வெயிலில் அலைந்த முகம் வேண்டுமே என்பதற்காக, பிரபு தினமும் பின்மாடத்துத் தகரக் கூரையில் அண்ணாந்து படுத்து மூக்கைச் சுட்டுக்கொள்வார். சந்தையில் காட்டுக்கோழி வாங்கி, 'என் துப்பாக்கிக்கு விழுந்தது' என்று சீட்டுக் கட்டி, நண்பர்களுக்குப் பரிசாக அனுப்புவார். தொப்பிக்காரருக்கும் ஒரு ஜோடி போகும். பாவம், அந்த மனிதர் அதைப் பார்க்கும்போதெல்லாம் தலையைத் தடவிக்கொண்டிருப்பார்.

போன ஆகஸ்டில், ஒரு புழுக்கமான காலை. பிரபுவின் வீட்டுத் தலைமைப் பணியாள் பிளாக்கெட் என் கதவைத் தட்டினார். சாதாரண நாளில் கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையுமாக ஒரு பிஷப்பைப் போல இருப்பார். ஆகஸ்டில் கிழிந்த ஏப்ரன் கட்டிக்கொண்டு வீட்டுக் காவலாளி வேஷம் போடுவார்.

"டாக்டரய்யா, கொஞ்சம் சந்து வழியா வந்துட்டுப் போறீங்களா? வீட்ல யாரும் இல்லீங்க. அவருக்கு உடம்பு ரொம்ப முடியலை."

நான் பையை எடுத்துக்கொண்டு, யாருமில்லாத வீட்டில் உடம்பு முடியாதவரைப் பார்க்கப் போனேன்.

அலமாரியைவிடச் சற்றே பெரிய பின்னறை. ஜன்னலைத் திறந்தால் லாயத்து நாற்றம். மூடினால் மூச்சு முட்டும். பிரபு நெருப்பாய்க் கொதித்துக்கொண்டு கிடந்தார். என்னைப் பார்த்ததும் தலையைத் தூக்கினார்.

"டாக்டர், நாங்க இங்க இல்லை. தெரியுமில்ல?"

"தெரியும். நாக்கை நீட்டுங்க."

நெஞ்சில் சளி கட்டியிருந்தது. இடது பக்கம் மூச்சே போகவில்லை. விளையாட்டுக் காய்ச்சல் இல்லை. ஆளைக் கொண்டுபோகிற காய்ச்சல். லேடி வின்ஸ்கோமை வெளியே அழைத்தேன். ஐம்பதை நெருங்கும் சீமாட்டி. கண் சிவந்திருந்தது, இரவு முழுக்க விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"அவருக்கு ரெண்டு வேணும், லேடி. ஒண்ணு காத்து. இன்னொண்ணு தூக்கம். ரெண்டும் கிடைச்சா பிழைப்பார். இந்தப் பொந்துல ரெண்டும் கிடைக்காது."

"வேற எங்க காத்து வருது?"

"உங்க வீட்டுக்காரரோட கொள்ளுத் தாத்தா காத்தை எல்லாம் நடனக் கூடத்துல வச்சுட்டுப் போயிருக்காரே, அங்கதான்."

அன்றைக்கே நானும் பிளாக்கெட்டுமாகக் கட்டிலோடு தூக்கி முன்கூடத்தில் போட்டோம். திரைக்குப் பின்னால் ஜன்னலைத் திறந்தோம். பைக்குள் கிடந்த சரவிளக்குகளுக்கும் துணி போர்த்திய நாற்காலிகளுக்கும் நடுவே பிரபு முதல் தடவையாக நல்ல மூச்சு விட்டார். ஆனால் தூக்கம் வரவில்லை. எப்படி வரும்? பெரிய மனிதர்கள் இல்லாத ஆகஸ்டில், ஊரிலுள்ள பார வண்டிகளெல்லாம் சதுக்கத்தைக் குறுக்கு வழியாக்கிக்கொள்கின்றன. கருங்கல் தெருவில் இரும்புப் பட்டை போட்ட சக்கரம் உருளும் சத்தம் அந்தக் கூடத்தில் இடி மாதிரி விழுந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் அவர் உடம்பு தூக்கிப் போட்டது.

இதற்கு மருந்து எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். வைக்கோல். பெரிய வீட்டில் ஒருவர் சாகக் கிடந்தால், தெருவில் அவர் வாசலுக்கு நேரே முழங்கால் உயரம் வைக்கோல் பரப்பி, சக்கரச் சத்தத்தை அமுக்கிவிடுவார்கள். மாட்டுக்குப் போட்டால் அது தீனி. பிரபு வாசலில் போட்டால் கௌரவம். யாருக்கு எவ்வளவு நீளம் பரப்பினார்கள் என்று வருஷக்கணக்கில் பேசுவார்கள். தும்மலுக்கெல்லாம் வைக்கோல் போட்டவர்களை எனக்குத் தெரியும். சரி, இங்கேயும் போடுங்கள் என்றேன். அவ்வளவுதான், பிரபுவுக்கு எங்கிருந்து பலம் வந்ததோ, எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"வைக்கோலா? என் வாசல்லயா? ஆகஸ்ட்லயா?"

"காய்ச்சல் மாசம் பார்த்து வர்றதில்லை, பிரபு."

"நாங்க பெர்த்ஷையர்ல இருக்கோம், டாக்டர்! பேப்பர்ல வந்தாச்சு! வாசல்ல வைக்கோலைப் பார்த்தா ஊரே சிரிக்கும். செத்தாலும் சரி, வைக்கோல் கூடாது. ஹானோரியா, நான் போயிட்டா, ஸ்காட்லாந்துல போனதா சொல்லிடு."

"ஸ்காட்லாந்துல போனா, உடம்பை இங்க கொண்டு வரணுமேங்க. அது ஏற்கனவே இங்கல்ல கிடக்கு?" என்றாள் லேடி. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை.

அதற்குள் இன்னொரு பார வண்டி போயிற்று. பிரபு பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தார். லேடி திரையை ஒரு விரல் அகலம் விலக்கித் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டாள்.

"டாக்டர், வைக்கோலைப் பார்த்து நோயாளி எந்த வீடுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறாங்க?"

"வைக்கோலோட நடு எந்த வாசலுக்கு நேரா இருக்கோ, அந்த வீடு."

"நடுவைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளிட்டா?"

இடது பக்கத்து வீடு, ஓய்வுபெற்ற ஜெனரல் கிராஷாவுடையது. அங்கேயும் திரைகள் இறங்கியிருந்தன. ஜெனரலும் ஸ்காட்லாந்துக்கு, இன்வர்னஸ் போயிருப்பதாகப் பத்திரிகை சொன்னது.

"ஊர்ல இல்லாத மனுஷர் மேல ஒரு காய்ச்சலைப் போடறீங்களே, லேடி?"

"ஊர்ல இல்லாதவருக்கு வலிக்காதே" என்றாள்.

எனக்கு வைக்கோல் யார் பெயரில் விழுந்தாலும் ஒன்றுதான். மறுநாள் விடியற்காலையில் பிளாக்கெட் லாயத்து ஆட்களை வைத்துப் பரப்பிவிட்டார். நடு ஜெனரல் வாசலில். வால் மட்டும் பிரபு வாசலில். சக்கரச் சத்தம் செத்தது. பிரபு குழந்தை மாதிரி தூங்கினார். நானும் திருப்தியாக வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினேன். கழற்றி முடிக்கவில்லை, சந்துக் கதவை யாரோ தட்டினார்கள்.

ஜெனரல் வீட்டுச் சமையற்காரி. "டாக்டரய்யா, எங்க வீட்லயும் யாரும் இல்லைதான். ஆனா கொஞ்சம் வர்றீங்களா?"

இன்வர்னஸில் இருக்க வேண்டிய ஜெனரல் கிராஷா, பின்னறைக் கட்டிலில் மீசையை இறக்கிக்கொண்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கிடந்தார். பக்கத்தில் அவருடைய சீமாட்டி விழித்துக்கொண்டு நின்றாள்.

"டாக்டர், என்கிட்ட மறைக்காதீங்க. எனக்கு இன்னும் எத்தனை நாள்?"

"எதுக்கு எத்தனை நாள்?"

"காலையில திரையை விலக்கிப் பார்க்கிறேன். என் வாசல்ல வைக்கோல்! அவ்வளவு வைக்கோல் நான் எந்த டியூக் வாசல்லயும் பார்த்ததில்லை. அப்போ விஷயம் எவ்வளவு முத்திப்போயிருக்கணும்! இவளைக் கேட்டா, எனக்குத் தெரியாதுங்கறா. புருஷன்கிட்ட சொல்ல மனசு வருமா?"

"நான் சத்தியமா வைக்கோல் போடச் சொல்லலைங்க" என்றாள் அவள்.

"பார்த்தீங்களா? எவ்வளவு தைரியசாலி."

இந்தத் தவறை வேறு எந்த ஊர்க்காரனாவது செய்வானா, சொல்லுங்கள். வாசலில் வைக்கோல் கிடந்தால், யார் போட்டது என்று கேட்பான். எங்கள் ஜெனரல் தன் நாடியைப் பிடித்துப் பார்த்தார். ஊர் சொல்லிவிட்டது, உடம்பு கேட்க வேண்டியதுதானே? நெஞ்சு, முதுகு, நாக்கு எல்லாம் பார்த்தேன். எருதைப் போல இருந்தார். பக்கத்து வீட்டு ரகசியத்தை வைத்தியன் எப்படி உடைப்பது? "உங்களுக்கு ஒண்ணுமே இல்லை, ஜெனரல்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர். "நல்ல டாக்டர் நீங்க. முகத்துல ஒண்ணையும் காட்டிக்க மாட்டேங்கறீங்க" என்றார். சாயங்காலமே வாளை யாருக்குக் கொடுப்பது, குதிரையை யாருக்குக் கொடுப்பது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாராம்.

ஆக, ஒரு பக்கம் சாகக் கிடப்பவர் ஆரோக்கியமாக ஸ்காட்லாந்தில் இருந்தார். இன்னொரு பக்கம் ஆரோக்கியமாக இருப்பவர் சாகக் கிடந்தார். நடுவே நான் இரண்டு பின்வாசல்களுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன்.

பிரபுவின் காய்ச்சல் உச்சிக்கு ஏறிய நாள் காலை, தெருக்கல் மாற்றுகிறவர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். பெரிய மனிதர்கள் ஊரில் இல்லாத மாதத்தில்தானே தெருவைத் தோண்ட வேண்டும்? கடப்பாரையும் மண்வெட்டியும் கல்வண்டிகளுமாக ஒரு பட்டாளம். மேஸ்திரி நாணயமான ஆள். வைக்கோலைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு, ஜெனரல் வீட்டு அடித்தளக் கதவைத் தட்டி விசாரித்தான்.

"யாரும் இல்லீங்க. குடும்பம் இன்வர்னஸ் போயிருக்கு" என்று சமையற்காரி பாடம் ஒப்பித்தாள்.

அடுத்துப் பிரபு வீட்டுக் கதவைத் தட்டினான். பிளாக்கெட் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே, "எல்லாரும் பெர்த்ஷையர்லப்பா" என்றார். எத்தனை வருஷப் பழக்கம்! அவர் வாய் அவரைக் கேட்காமலே பேசிவிட்டது.

மேஸ்திரி தலையைச் சொறிந்தான். "ரெண்டு வீட்லயும் ஆள் இல்லை. அப்புறம் யாருக்குடா வைக்கோல்? ஏதோ விளையாட்டுப் பசங்க வேலை. வாரித் தள்ளுங்கடா!"

மேலே கூடத்தில் நான் பிரபுவின் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைய தூக்கம் கலைந்தால் அவர் கலைந்தார் என்று எனக்குத் தெரியும், லேடிக்கும் சொல்லியிருந்தேன். கீழே மண்வெட்டி கல்லில் உரசுகிற சத்தம் கேட்டது. பிரபுவின் இமை துடித்தது. நான் எழுந்தேன். லேடி என் தோளைத் தொட்டு உட்கார வைத்தாள்.

"நீங்க போனா நம்பமாட்டாங்க, டாக்டர். ஆள் இல்லாத வீட்ல டாக்டருக்கு என்ன வேலைன்னு கேப்பாங்க. நான் போறேன்."

அந்தப் பெரிய மாடிப்படியில் அவள் தனியாக இறங்கிப் போனாள். தலையில் தொப்பி இல்லை. இரவெல்லாம் உட்கார்ந்த கசங்கிய கவுன். கீழே பிளாக்கெட் பதறுவது கேட்டது.

"அம்மா! முன்வாசல் வழியாவா? ஆகஸ்ட்லயா? எஜமானுக்குத் தெரிஞ்சா..."

"தெரியறதுக்கு அவர் இருக்கணும், பிளாக்கெட். கதவைத் திறங்க."

நான் திரையிடுக்கில் பார்த்தேன். முன்வாசல் திறந்தது. லேடி வின்ஸ்கோம் வெளியே வந்து, வைக்கோலின் மேல் இறங்கி, மண்வெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். பட்டப்பகல். சதுக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. ஆனால் நாலு பக்கத்திலும், எனக்கு எண்ணத் தெரிந்தவரை பாதிக்கு மேற்பட்ட ஜன்னல்களில், இறக்கிய திரைகள் ஒரு விரல் அகலம் விலகின. சதுக்கம் முழுக்க ஊரில் இல்லை போலும்!

"இந்த வீட்ல ஆள் இருக்கு" என்றாள். கிசுகிசுத்தே பழகிய குரல்; முதலில் உடைந்தது. மறுபடி நிமிர்ந்து சத்தமாகச் சொன்னாள்: "நான் இருக்கேன். என் வீட்டுக்காரர் உள்ள உயிருக்குப் போராடிட்டு இருக்கார். நாங்க எங்கேயும் போகலை. அதை அப்படியே விட்டுட்டுப் போங்க."

முப்பது வருஷமாக இந்தச் சதுக்கத்தைக் கேலி செய்து பிழைப்பவன் நான். அன்றைக்குக் கேலி வரவில்லை.

மேஸ்திரி திணறினான். "மன்னிக்கணும்மா. ஆனா வைக்கோல் அந்த வாசல்லல்ல கிடக்கு? அந்த வீட்டுக்காரங்க சொன்னாத்தானே..."

படீரென்று ஜெனரல் வீட்டு முன்கதவு திறந்தது. ராத்திரித் தொப்பியும் சிவப்பு அங்கியுமாக ஜெனரல் கிராஷா பாய்ந்து வந்தார். நாலு நாளாகச் சாகக் கிடந்தவர் படியை இரண்டிரண்டாகத் தாண்டினார்.

"எவன்டா என் வைக்கோல்ல கை வச்சது? ஒரு மனுஷனை நிம்மதியாச் சாகவிட மாட்டீங்களா? வண்டியைத் திருப்புங்கடா!"

படைத் தளபதியின் குரல் அது. பட்டாளம் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் பின்வாங்கியது. கத்தி முடித்த பிறகுதான் ஜெனரலுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. பக்கத்தில் லேடி வின்ஸ்கோம். இருவரும் வைக்கோலில் கணுக்கால் புதைய நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெனரல் மெல்லக் குனிந்து வணங்கினார்.

"இன்வர்னஸ்ல மழை எப்படி, ஜெனரல்?" என்றாள் லேடி.

"கொஞ்சம் தூறல், லேடி. பெர்த்ஷையர்ல?"

"அங்க நல்ல வெயில்."

இருவரும் அவரவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

பிரபு பிழைத்தார். அன்று மாலையே வேர்த்துக் காய்ச்சல் இறங்கியது. ஜெனரலும் பிழைத்தார், அத்தனை பேர் முன்னால் அத்தனை சத்தம் போட்ட பிறகு சாவது சரியாக இருக்காது என்று அவருக்கே தோன்றிவிட்டதாம். சில நாள் கழித்துப் பிரபுவுக்கு நான் கஞ்சி கொடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பிளாக்கெட் வாய் தவறி விஷயத்தைக் கக்கிவிட்டார். பிரபுவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. தன் உயிர் போய்வந்த கதையைக் கேட்டபோதுகூட அப்படி ஆகவில்லை.

"முன்வாசல் வழியாவா போனே, ஹானோரியா?"

"ஆமாங்க."

"தொப்பி இல்லாம?"

"ஆமாங்க."

"யாராவது பார்த்தாங்களா?"

லேடி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவர் போர்வையைச் சரிசெய்தாள்.

"ஒருத்தரும் பார்க்கலைங்க. ஊர்ல யார் இருக்காங்க பார்க்கிறதுக்கு?"

பிரபு நிம்மதியாகக் கண்ணை மூடினார். அவள் சொன்னது பொய்யும் இல்லை. இன்றுவரை சதுக்கத்தில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறந்தால், நீ அன்றைக்கு எங்கே இருந்தாய் என்று கேள்வி வருமே!

இதையெல்லாம் படித்துவிட்டு, 'சே, என்ன மனிதர்கள்!' என்று உச்சுக்கொட்டுவீர்கள். உங்களுக்குத் தூண் வைத்த வாசல் இல்லை, டியூக் வழுக்கிய படி இல்லை, பெர்த்ஷையர் எந்தத் திசை என்றும் தெரியாது. நல்லது. ஆனால் வேண்டாத ஒருவர் கதவைத் தட்டியபோது, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வீட்டிலிருப்பவர்களுக்கு வாயில் விரல் வைத்துக் காட்டியதே இல்லையா? கையில் இல்லாததை இருப்பதாகவும், போகாத ஊருக்குப் போனதாகவும் நாலு பேரிடம் சொல்லிவிட்டு, அதற்காகச் சில நாள் ஆறிப்போன சோற்றைத் தின்றதில்லையா? இல்லை என்றால் உங்களைக் கும்பிடுகிறேன். உண்டு என்றால், ஒன்றே ஒன்று. என்றாவது ஒரு நாள் உங்களுக்கும் காய்ச்சல் உச்சிக்கு ஏறும். வாசலில் மண்வெட்டிச் சத்தம் கேட்கும். அன்றைக்குத் தலையில் தொப்பியில்லாமல் முன்வாசலைத் திறந்துகொண்டு போக வீட்டில் ஒரு ஹானோரியா இருக்கிறாளா என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.